கோபம் உண்டு, கோபப்படுகிறவர் இல்லை

ஜூன் 3, 2024, திங்கள்

இன்று நோட்டு வாங்கினேன். நூறு பக்கம், கோடு போட்டது. பேரனுக்கா என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். கொடுப்பதற்கு முன் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும். அறுபத்தொன்பது வயதில் எனக்கென்று நான் வாங்கிய முதல் நோட்டு இது.

என் பெயர் காசியப்பன். ஊர் வாணியம்பாடிப் பக்கம். தோல் ஷாப்பில் முப்பத்தாறு வருடம் தோல் கழுவினேன். போன மார்ச் வரை கைநாட்டு. மார்ச்சில் முதியோர் எழுத்தறிவுப் பரீட்சை எழுதிப் பாஸானேன். பரீட்சையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து எழுதினார். என்னைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இப்போது ஏலகிரி மலையில் வேலை. வாசலில் ‘பிரக்ஞை ஆய்வு நிலையம்’ என்று பலகை இருக்கிறது. அதைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அது என்ன என்று உள்ளே இருப்பவர்கள் பதினோரு வருடமாகத் தேடுகிறார்கள். என் வேலை கூட்டுவது, தியானத்துக்கு மெத்தை போடுவது, தொப்பி கழுவுவது. தொப்பி என்றால் தலையில் மாட்டி மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பார்க்கும் தொப்பி. அதில் அறுபத்து நான்கு பொத்தான், ஒவ்வொன்றிலும் களிம்பு. குழந்தை ஷாம்பு போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அப்போது மாட்டுத் தோல், இப்போது மனுஷத் தொப்பி. முன்னேற்றம்தான்.

என் மனைவி விசாகம் பொங்கலுக்கு மறுநாள் பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது முறத்தின் மேலேயே சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். அன்றிலிருந்து கட்டில். கண்ணைத் திறக்கிறாள், மூடுகிறாள். மூக்கில் குழாய். கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனம் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று காட்டும் மிஷின் மலைமேல் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். ஒரு நாள் அதைக் கீழே இறக்கி அவள் தலையில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. கை வலிக்கிறது. நன்றாக இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

மழை. தொப்பி காயவில்லை. ‘மழை’ என்று எழுதிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று பெரிய கூட்டம். இங்கே தலைவர்கள் இருவர். ஒருவர் மூளைக்காரர், பேராசிரியர் ரங்கபாஷ்யம். இன்னொருவர் பிக்கு சுமேதர். கோயம்புத்தூர்க்காரர், பாங்க்கில் மேனேஜராக இருந்து பர்மாவுக்குப் போய்த் துறவியாகிச் சீவரம் போட்டுக்கொண்டவர். மனம் என்பது மூளையில் ஓடும் மின்சாரம் என்கிறார் பேராசிரியர். மனம் கணத்துக்குக் கணம் தோன்றி மறையும் ஓட்டம், அதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்கிறார் பிக்கு. ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். ‘நான்’ என்று ஒருவர் உள்ளே கிடையாது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று மத்தியானச் சாப்பாடு வரை சண்டை.

நடுவில் வேலைக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பேராசிரியர் என்னிடம், புத்தர் யார் என்று தெரியுமா பெரியவரே என்று குனிந்து மெதுவாகக் கேட்டார். தெரியும், எங்கள் தெருவில்தான் இருக்கிறார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் பௌத்தர்கள். தெருக்கோடியில் ஓட்டு வீட்டில் விகாரை. என் பெயரைக் கேட்கிறவர்கள் காசிக்குப் போய் வேண்டிப் பெற்றார்களா என்பார்கள். காசியப்பர் புத்தருடைய சீடர். இதை அவர்களிடம் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பௌத்தம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார்கள், எதற்கு மனத்தை நோகடிக்க வேண்டும்.

ஐந்து சீலமும் எனக்கு மனப்பாடம். மதுவைத் தொடமாட்டேன் என்கிற ஐந்தாவதை முப்பது வருடம் மனப்பாடமாக மட்டும் வைத்திருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். மலைப் பாதையில் பதினான்கு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை. மெதுவாகப் போகச் சொல்கிறார்கள் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இன்று படித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு புலவர் பெயர். பஸ் வேகமாகத் திரும்பியதில் ஏழு பெயர்தான் படிக்க முடிந்தது. மீதி அடுத்த வாரம்.

வீட்டில் என் மகன் கௌதமன் ஒரு ஃபாரத்தை எடுத்து வைத்தான். ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை செய்கிறவன், மடிப்புக் கலையாமல் வைத்திருந்தான். வேலூர் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவைச் சேர்க்க வேண்டுமாம். புருஷன் கையெழுத்து வேண்டுமாம்.

“ஒரு கையெழுத்து போடு நைனா. அம்மா ஆஸ்பத்திரில கெடக்கச்சே பரீட்ச எழுதப் போனியே, அது ஒண்ணுக்காவது ஆவட்டும்” என்றான்.

போட்டுவிடுவேன் என்று நினைத்திருக்கிறான். நான் படிக்க ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் படித்தேன். அவன் இரண்டு முறை எழுந்து வெளியே போய் வந்தான். ஏழாவது வரியில் இருந்தது: ‘நோயாளி முற்றிலும் நினைவற்றவர், எதையும் உணராதவர் என்பதை அறிந்து ஒப்புக்கொள்கிறேன். இனி காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லத் தேவையில்லை.’

விசாகத்தின் கட்டில் இரண்டடி தள்ளி இருந்தது. கண் திறந்திருந்தது, கூரையைப் பார்த்தபடி.

இவளுக்கு எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியாதே, எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டேன். மலை மேலே உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம் என்றான் கௌதமன். ராத்திரியும் பகலும் புரட்டிப் போட்டு, துடைத்து, தேன்மொழிக்கு முதுகு போய்விட்டதாம். அதுவும் நிஜம். என் மருமகள் தேன்மொழி குழாயில் கஞ்சி விடும் சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசி வரை தவணை கேட்டிருக்கிறேன். அதற்குள் மிஷின்.

ஜூன் 12, புதன்

பேராசிரியரிடம் கேட்டேன். அவர் உடனே மறுக்கவில்லை. கையோடு எடுத்துப்போகிற சின்ன மிஷினும் உண்டாம். பதிலுக்கு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பிக்குவின் மனத்தை அளந்து முடித்துவிட்டார்கள். அதோடு ஒப்பிட்டுப் பார்க்க, எந்தப் பயிற்சியும் இல்லாத சாதாரண மனம் ஒன்று வேண்டுமாம். மலை முழுவதும் தேடியதில் என்னுடையதுதான் மிகச் சாதாரணமாக இருந்திருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

என் தலையில் தொப்பி. மாட்டிவிட்டது நிலோஃபர். மிஷினை ஓட்டுகிற பெண், ஆம்பூர். எதையும் நினைக்காமல் எதிரே இருக்கும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள் தாத்தா என்றாள். சுவரில் ‘அவசர வழி’ என்று எழுதியிருந்தது. எழுத்தைக் கண்ட பிறகு கூட்டிப் படிக்காமல் இருக்க என்னால் முடியாது. உதடு தானாக அசைந்தது. படித்து முடித்ததும் சிரிப்பு வேறு.

இருபது நிமிடமும் வீண் என்றார்கள். உதடு, கன்னம், தாடை அசைந்தால் அந்த மின்சாரம் மூளையின் மின்சாரத்தை மூடிவிடுமாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் குப்பை. கணக்கில் எடுப்பதற்கு முன் குப்பையை நீக்கிவிடுவார்கள். நீக்கியதில் என் பக்கம் ஒன்றும் மிஞ்சவில்லை. “உங்க சந்தோஷம் பூரா குப்பைக்குப் போயிடுச்சு தாத்தா” என்றாள் நிலோஃபர். பிக்குவுக்கு இந்தத் தொந்தரவே இல்லையா என்றேன். குரலைத் தாழ்த்தி, அவர் பன்னிரண்டு நிமிடம் தூங்கிவிட்டார், அதைத்தான் ஆழ்ந்த சமாதி என்று எழுதியிருக்கிறோம் என்றாள்.

ஆனாலும் பேச்சு பேச்சுதான். அடுத்த புதன் கீழே வருகிறார்கள்.

ஜூன் 19, புதன்

வந்தார்கள். ஜீப்பில் பேராசிரியர், பிக்கு, நிலோஃபர், ஒரு பெட்டி. எங்கள் தெருவுக்கு ஓட்டு கேட்பதற்குத் தவிர இத்தனை பேர் வந்ததில்லை.

விசாகத்துக்குத் தொப்பி மாட்டினார்கள். காதில் ஒரு கருவி. அதில் சென்னையில் யாரோ ஒரு அம்மா நல்ல தமிழில் பேசிப் பதிந்திருக்கிறார். “நீங்கள் டென்னிஸ் விளையாடுவதாக மனத்தில் எண்ணிப் பாருங்கள். இப்போது நிறுத்துங்கள். ஓய்வெடுங்கள்.” இப்படி இருபது முறை. சொன்னது புரிந்து மனத்தில் கையை வீசினாலே மூளையில் கைக்கான இடம் விழித்துக்கொள்ளுமாம். அதை வைத்து உள்ளே ஆள் உண்டு என்று சொல்லிவிடலாமாம். வெளிநாட்டில் இப்படித்தான் செய்கிறார்களாம்.

நானும் கண்ணை மூடி டென்னிஸ் விளையாடிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. கிடைத்த பந்தை எதற்காக எதிரே இருக்கிறவனுக்கே திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே தெரியாது. இந்தக் கணக்குப்படி எனக்கும் மனம் கிடையாது.

விசாகத்திடமும் ஒன்றும் வரவில்லை. பேராசிரியர் என் தோளில் கை வைத்து, வருத்தமாக இருக்கிறது என்றார். நான் சொன்னேன், ஐயா, அவள் பிறந்ததிலிருந்து டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. நாற்பத்திரண்டு வருடம் பீடி சுற்றியவள். இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, ஒரு நாளைக்கு எண்ணூறு. கை தூக்கத்திலும் உருட்டும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

ஜூன் 20, வியாழன்

காலையில் பேராசிரியர் பிக்குவிடம், நேற்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது என்று பீடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘நான்’ இல்லாதவருக்கு யோசனை மட்டும் எங்கிருந்தோ தோன்றுகிறது.

ஜூன் 21, வெள்ளி

குரலும் பழகிய குரலாக இருக்கட்டும் என்று என்னையே பேசச் சொன்னார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று நானே எழுதி, நானே படித்தேன். நான்கே நான்கு வார்த்தை, பெயரையும் சேர்த்தால் ஐந்து. “விசாகம், இன்னும் ஒரு கட்டு சுத்து.” நாற்பது வருடம் தினமும் சொன்னது. ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. நல்ல அதிகாரமான குரல் என்று பேராசிரியர் பாராட்டினார்.

ஜூன் 26, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எவ்வளவு நேரமானாலும் சரி.

பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். மின்சாரத் தொந்தரவு கூடாது என்று ஃபேனை நிறுத்தினார்கள். ஐந்தாவது நிமிடம் திரையில் மலை மாதிரி ஒரு அலை எழுந்தது. பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அது பக்கத்து வீட்டு மிக்ஸி. தேங்காய்ச் சட்னி. நிலோஃபர் போய்ச் சொல்லி நிறுத்திவிட்டு வந்தாள்.

என் குரலை இருபது முறை போட்டார்கள். நடுநடுவே சென்னை அம்மாவின் டென்னிஸையும் இருபது முறை. முடிந்ததும் பேராசிரியர் குப்பையை நீக்கச் சொன்னார். நீக்கினார்கள். கைக்கான இடத்தில் அசைவே இல்லை. அவள் பீடி சுற்றவில்லை. சான்று இல்லை என்றார். கௌதமன் அலமாரியைப் பார்த்தான். ஃபாரம் அங்கேதான் இருந்தது.

அப்போது நிலோஃபர் திரையை விட்டுத் திரும்பாமல் பேசினாள். “சார், நீக்கினதை ஒரு தடவ பாருங்க. தாத்தா பேசின இருபதுல பதினெட்டுல தாடை இறுகியிருக்கு. அவர் சொல்லி முடிச்ச ரெண்டாவது செகண்ட். டென்னிஸ்ல ஒண்ணுகூட இல்ல. சும்மா இருக்கும்போதும் இல்ல.”

பல்லைக் கடித்திருக்கிறாள்.

பேராசிரியர் மறுத்தார். இந்த நிலையில் இருப்பவர்கள் பல்லைக் கடிப்பது வழக்கம்தான், அதற்கு மனம் தேவையில்லை என்றார். எதை அளப்பது என்று முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்தாகிவிட்டது, அதில் தாடை இல்லை, பார்த்தபிறகு வந்து இதையும் சேர்த்துக்கொள் என்றால் அது விஞ்ஞானம் ஆகாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கும்போலிருக்கிறது. எங்கள் தோல் ஷாப்பிலும் ரசீதில் எழுதாத தோல் கண்ணெதிரே கிடந்தாலும் கிடையாதுதான்.

பிக்கு கண்ணைத் திறந்தார். அது கோபமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. “ஆனால் கவனியுங்கள். கோபம் உண்டு. கோபப்படுகிறவர் என்று ஒருவர் இல்லை” என்றார். உடனே இருவரும் பிடித்துக்கொண்டார்கள். சொந்தக்காரர் இல்லாத கோபம் இருக்க முடியுமா, அது மூளையில் எந்த இடம், சூத்திரத்தில் எந்த இடம் என்று இரண்டு தம்ளர் டீ ஆறும் வரை பேசினார்கள். இருவர் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம். நடுவில் விசாகம் தலையில் களிம்போடு படுத்திருந்தாள்.

கோபப்படுகிறவள் இல்லையாம். இந்த மனிதரை ஒரு வாரம் அவளோடு குடித்தனம் நடத்தச் சொல்ல வேண்டும்.

டீ தம்ளரை எடுக்க வந்த தேன்மொழி அப்படியே நின்றாள். அவள் அதிகம் பேசாதவள்.

“இதுக்கு மிஷின் எதுக்கு மாமா” என்றாள். “நீங்க ஞாயித்துக்கிழம வந்து பக்கத்துல உக்காந்து பேச ஆரம்பிச்சாலே அத்த பல்லக் கடிக்கிறாங்க. நீங்க பஸ் ஏறிப் போயி அரை மணி நேரம் ஆவுது, தாடை எளக. நாந்தான எண்ண தேச்சு வுடறேன்.”

கௌதமன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

“யாரு கேட்டீங்க” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், “சொன்னா மாமா வர்றதையே நிறுத்திடுவாருன்னு நெனச்சேன்” என்றாள்.

பேராசிரியர், பராமரிக்கிறவர்களின் அபிப்பிராயத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளலாம் என்று நிலோஃபரிடம் சொன்னார்.

ஜூன் 27, வியாழன்

எட்டுத் தொப்பி கழுவினேன்.

ஜூன் 28, வெள்ளி

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. அவள் இருக்கிறாள். அதைத் தெரிந்துகொள்ளத்தானே மலை ஏறினேன். தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். தொப்பி கழுவும்போது நான் சிரித்ததை நிலோஃபர் பார்த்தாள்.

அந்த ஒரு கட்டைப் பற்றி. எண்ணூறு சுற்றி முடித்து அவள் கையை உதறும்போதுதான் நான் அதைச் சொல்வேன். இன்னும் ஒரு கட்டு. இருபத்தைந்து பீடி. கம்பெனிக்குப் போகாத கட்டு அது. எங்கே போனது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. நான் குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. குடியை விட்ட பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், பழக்கம். அவள் ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதனால் அவளுக்கு அது கஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன். அவள் வாயைப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. கையைத்தான் பார்ப்பேன்.

இன்னொன்று. அவள் ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணமான புதிதில் எனக்கு எழுத்துச் சொல்லித்தருகிறேன் என்று சிலேட்டோடு வந்தாள். வேண்டாம் என்றேன். எப்படி வேண்டாம் என்றேன் என்பதை எழுதும் அளவுக்கு நான் இன்னும் பழகவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இன்று தவணை முடிகிறது. பஸ்ஸில் பலகை எதையும் படிக்கவில்லை.

வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்தேன். என் குரல் கேட்டால் கடிப்பாள். கௌதமன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. “அம்மாவுக்குத் தெரியும்னா, அந்த ஃபாரத்தப் பத்தி நான் பேசினதெல்லாம் கேட்டுகினுதான் கீறாங்க நைனா” என்றான். கட்டிலுக்கு இரண்டடியில் வைத்துப் பேசியவன். நானும்தான் பேசினேன். என்னைவிட அவன் பாடு பரவாயில்லை, அவன் ஐந்து மாதமாகத்தான் பேசியிருக்கிறான்.

கொஞ்ச நேரம் கழித்து, எல்லாம் தெரிந்துகொண்டு இப்படிக் கிடப்பது இன்னும் கொடுமை இல்லையா, விட்டுவிடுவதுதான் நல்லதோ என்று மெதுவாகக் கேட்டான். உள்ளேயிருந்து தேன்மொழிதான் சொன்னாள், போகிறேன் என்கிறவர்கள் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள் என்று. அவளுக்குத்தான் முதுகு போனது. அவளே சொன்னபிறகு நாங்கள் பேச என்ன இருக்கிறது.

நான் ஃபாரத்தைக் கேட்டு வாங்கினேன். ஏழாவது வரியின் மேல் ஒரு கோடு அடித்தேன். கீழே ‘இது பொய்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். நான் அரசாங்கப் பரீட்சைக்கு வெளியே போட்ட முதல் கையெழுத்து. இனி அந்த இல்லத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று கௌதமன் சொன்னான். சொல்லிவிட்டு மடித்து வைத்துக்கொண்டான்.

ஜூலை 3, புதன்

வேலையை விட்டுவிட்டேன். தேன்மொழி முதுகுக்கு ஓய்வு வேண்டும். விசாகத்தின் துணி துவைப்பது, குழாய்க்குக் கஞ்சி காய்ச்சி வடிகட்டுவது இரண்டும் இனி என் பொறுப்பு. பேச்சு மட்டும் கிடையாது. அவள் இருக்கும் அறையில் நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வேலூர் இல்லத்தைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை.

கிளம்பும்போது அறிக்கையைக் கொடுத்தார்கள். அதில் விசாகத்துக்கு ஒரு வரி: ‘பிரக்ஞைக்கான சான்று இல்லை.’ எனக்கும் ஒரு வரி உண்டு: ‘அதிகப்படியான முக அசைவு காரணமாக நீக்கப்பட்டார்.’ புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒரே தாளில் நீக்கியிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எங்கள் பெயர் சேர்ந்து வருவது இதில்தான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கட்டுரையில் பிக்கு பெயர்தான் முதலில்.

ஜூலை 4, வியாழன்

கஞ்சி கட்டி தட்டிவிட்டது. தேன்மொழி சிரித்தாள். நான் பேசவில்லை.

ஜூலை 6, சனி

காலையில் விசாகத்துக்குக் காய்ச்சல். நெஞ்சில் கரகரவென்று சத்தம். ஃபாரம் சொன்ன அதே காய்ச்சல், அதே மூச்சுத்திணறல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கௌதமன் ஆட்டோவுக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் பழைய சீட்டுகளைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே சொல்லியிருந்தோமே, எதற்காகத் திரும்பக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கௌதமன், “கோவப்பட்றாங்க சார்” என்றான். டாக்டர் அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசி எழுதினார்.

ஜூலை 7, ஞாயிறு

காய்ச்சல் இறங்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நேற்றுக் காய்ச்சல் இறங்கியது. ஆனால் விசாகம் கண்ணையே திறக்கவில்லை. தேன்மொழி தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். துணி மாதிரி தொளதொளவென்று இருந்தது. இந்த முறை நிஜமாகவே போய்விட்டாளோ என்று மூன்று பேருக்கும் ஒரே நினைப்பு.

இன்று பதினொரு மணிக்குத் தேன்மொழி ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன், ஆறு நாளாகப் பேசாமல்.

“மாமா, உள்ள வந்து அந்தப் பீடி வார்த்தையச் சொல்லுங்க.”

மாட்டேன் என்று தலையாட்டினேன். ஒரு ஜன்மத்துக்குப் போதுமான அளவு சொல்லியாகிவிட்டது. செத்துக்கொண்டிருந்தால் அதுவா அவள் காதில் கடைசியாக விழ வேண்டும். தேன்மொழி விடவில்லை. தன் பேச்சுக்குத் திரும்பவில்லை, கௌதமன் பேச்சுக்குத் திரும்பவில்லை, உங்களுக்குத்தான் மாமா வருவாங்க என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். இப்படி ஒரு காரணத்துக்காக யாரும் என்னை இதுவரை கூப்பிட்டதில்லை.

போனேன். கட்டில் ஓரமாக நின்றேன். கௌதமன் கால்மாட்டில். மெதுவாகச் சொன்னேன், “விசாகம், இன்னும் ஒரு கட்டு சுத்து.” ஒன்றுமில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பார்த்தார்கள். நான் இப்போது பேசியது நல்லவன் குரல். அது அவளுக்குத் தெரியாது. அவள் கேட்டதே இல்லை.

துண்டை உதறித் தோளில் போட்டேன். காலை அகற்றி நின்றேன். தோல் ஷாப்பிலிருந்து வந்து வாசலில் செருப்பை உதறிவிட்டுப் பேசும் குரல் ஒன்று இருந்தது. ஒன்பது வருடமாக உபயோகிக்காதது. அது தொண்டையில் அப்படியே இருந்தது. அந்தக் குரலில் சொன்னேன். என் மகன் ஓரடி பின்னால் போனான். நாற்பது வயதாகிறது அவனுக்கு.

ஒன்று. இரண்டு.

கரக் என்று ஒரு சத்தம். வார்டு முழுவதும் கேட்டது. தாடை எலும்பு காது வரை புடைத்துக்கொண்டது. கண் திறந்தது. கூரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது. மறுபடியும் கடித்தாள், இன்னும் பலமாக. துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் என்றுதான் எழுத வேண்டும், அதுவும் இருந்தது. தேன்மொழி சுவரில் சாய்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு நர்ஸ் வந்து பார்த்தாள். வலிப்பு என்று நினைத்து டாக்டரைக் கூப்பிட ஓடினாள். கௌதமன் குறுக்கே போய் நிறுத்தினான்.

“ஒண்ணுமில்ல சிஸ்டர், எங்க நைனாவத் திட்டினு கீறாங்க” என்றான்.